கடலோரத்தில் ஒரு குட்டிப் பூமலை: 900 சதுர மீட்டர், உப்புக் காற்று, ஒரே குழாய்

கரையோரக்குழு கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரின் கிழக்குக் கரைப் பக்கம் எங்கள் வசிப்போர் குழுவும் சமூக மன்றமும் சேர்ந்து ஒரு தோட்டம் போடத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். வெறும் கத்தரி, வெண்டைத் தோட்டம் இல்லை. ஒவ்வொரு செடிக்கும் நான்கு மொழியிலும் பெயர்ப் பலகை, பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துப் படிக்கிற மாதிரி. நம் தாவரவியல் தோட்டமான பூமலையின் குட்டி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடம்: நடைபாதைக்கும் மணலுக்கும் நடுவே 60 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். கடல் வடகிழக்கே. கடலைத் தூர்த்து எடுத்த நிலம். மேலே ஒரு சாண் புல்தரை, கீழே சிப்பி கலந்த மணல். பெரிய நாட்டுவாதுமை மரங்கள் இரண்டு இருக்கின்றன, அடிமரம் அரை மீட்டர் விட்டம். தண்ணீர்க் குழாய் 70 மீட்டர் தள்ளி. தொண்டூழியர் 20 பேர், வாராவாரம் தவறாமல் வருகிறவர் 8 பேர்.

குழுவில் ஆளுக்கொரு ஆசை. மா, ரோஜா, கறிவேப்பிலை, மல்லிகை, மூலிகைப் பாத்தி. ஒரு தமிழாசிரியர் நெய்தல் திணைப் பாத்தி வேண்டும் என்கிறார். கேள்விகள் இவைதான்: யாரிடம் முதலில் அனுமதி? மணலை அள்ளிவிட்டு நல்ல மண் கொட்ட வேண்டுமா? எந்தச் செடி எங்கே, எந்த மாதத்தில்? பொதுவாக எது சொதப்பும்?

---

மண்வெட்டி பதில்:

செடிப் பட்டியலை மடிச்சு வைங்க. முதல்ல நிலம் யாருடையதுன்னு பாருங்க. பார்வைக்கு ஒரே புல்வெளிதான், ஆனா பூங்கா எல்லைக்குள்ள இருந்தா தேசியப் பூங்காக் கழகம், எல்லைக்கு வெளிய அரசு நிலமா இருந்தா நில ஆணையம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கை ஒட்டி இருந்தா நகர மன்றம். கரையில கல் அடுக்கு, தடுப்புச் சுவர் ஏதாவது இருந்தா பொதுப் பயனீட்டுக் கழகத்தையும் கேக்கணும். 2020லேருந்து கடலோரப் பாதுகாப்பு அவங்க பொறுப்பு. அலை ஏறி இறங்குற ஈர மணல்ல ஒரு குச்சிகூட நடாதீங்க, திட்டத்துலயும் அதைக் காட்டாதீங்க.

சமூகத் தோட்டம்னா 2005லேருந்து இருக்கிற ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டம் வழியாப் போறதுதான் நேர்வழி. கையில ஒரு வரைபடம் இல்லாமப் போகாதீங்க. 1:200 அளவுல வரைஞ்சா உங்க 60 மீட்டர் 30 சென்டிமீட்டர் ஆகி ஏ3 தாள்ல அடங்கிடும். பாத்தி எங்க, குழி எவ்வளவு ஆழம், தண்ணி எங்கிருந்து, குப்பை எங்க போகும், ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வரும், இவ்வளவும் அதுல இருக்கணும். நடைபாதை விளக்குக் கம்ப வரிசையை ஒட்டி நிலத்தடியில மின்வடம் ஓடும். அது எங்க இருக்குன்னு உறுதியாத் தெரியாம அந்தப் பக்கம் மண்வெட்டி இறங்கக் கூடாது.

அடுத்து அந்த ரெண்டு வாதுமை. நிழலுக்கு நல்லதுன்னு எல்லாரும் மரத்தடியிலதான் பாத்தி போடுவாங்க. அங்கதான் தப்பு. அடிமர விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்கு வேர் ராஜ்யம்னு கணக்கு. உங்களுக்கு 0.5 × 12 = 6 மீட்டர். ஒரு மரத்துக்கு 113 சதுர மீட்டர், ரெண்டுக்கும் 226. ஆக மொத்த நிலத்துல கால்வாசி போச்சு. அதுக்குள்ள தோண்டக் கூடாது, மண் ஏத்தவும் கூடாது. பத்து சென்டிமீட்டர் களிமண் ஏத்தினாலே வேருக்குக் காத்து போகாது. மரம் உடனே சாகாது, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு உச்சியிலேருந்து காயும், அப்ப யாருக்கும் காரணம் ஞாபகம் இருக்காது. அந்த வட்டத்துல மரச்சில்லு 5 சென்டிமீட்டர் பரப்பி, நாலு பெஞ்சு போட்டு, பாடம் சொல்ற இடமா வச்சுக்குங்க. சில்லு அடிமரத்தைத் தொடக் கூடாது, ஒரு கை அகலம் தள்ளியே இருக்கட்டும்.

மண்ணைப் பத்தி: முதல்ல சோதனை. கடல் பக்கம், நடு, நடைபாதைப் பக்கம்னு மூணு இடத்துல, 0–15 சென்டிமீட்டர் ஒண்ணு, 30–45 சென்டிமீட்டர் ஒண்ணுன்னு ஆறு மாதிரி எடுங்க. காய வச்சு சலிச்சு, ஒரு பங்கு மண், அஞ்சு பங்கு காய்ச்சி வடிச்ச தண்ணி. கலக்கி ஒரு மணி நேரம் விட்டு, உப்பளவு மீட்டரை முக்கி எண்ணை எழுதுங்க. குழாய்த் தண்ணியில கலக்கினா அந்தத் தண்ணியோட உப்பும் சேந்து எண் பொய் சொல்லும். கார அமில அளவும் பாருங்க. வடிகால் சோதனைக்கு 30க்கு 30 சென்டிமீட்டர் குழி வெட்டி ரெண்டு தரம் தண்ணி நிரப்பணும். முதல் தரம் நிரப்புறது மண்ணை நனைக்க மட்டும். ரெண்டாவது தரம் மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குதுன்னு அளந்து இங்க போடுங்க, பேசலாம்.

---

உப்புக்காற்று பதில்:

மண்வெட்டி சொன்ன சோதனை முடியும் முன்னால் ஒன்று. கடலோரத்தில் உப்பு இரண்டு வழியில் வரும், இரண்டையும் ஒன்றாக நினைத்தால் செடித் தேர்வு தவறும். வேர் வழியே வரும் உப்பு மண்ணில் தங்குவது. மழை அதைக் கழுவிவிடும். இலை வழியே வரும் உப்பு காற்றில் பறந்து வரும் சாரல். அதற்கு மண்ணை மாற்றிப் பயன் இல்லை. கறிவேப்பிலையின் இலை நுனி கருகுவதைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். கடலைப் பார்த்த பக்கத்து இலை மட்டும் கருகியிருந்தால் அது சாரல். செடி முழுக்க, அதிலும் முதிர்ந்த இலைகளின் விளிம்பு ஒரே சீராகக் கருகியிருந்தால் அது வேர் உப்பு.

அதனால் செடிகளைப் பெயர் வரிசையில் இல்லை, கடலிலிருந்து உள்ளே வரும் வரிசையில் அடுக்குங்கள். உங்கள் 15 மீட்டரை இப்படிப் பிரிக்கலாம்.

மணலை ஒட்டிய முதல் 3 மீட்டர் அடம்புக்கு. 30 முதல் 40 சென்டிமீட்டர் தண்டு, நான்கு கணு. இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. மீட்டருக்கு ஒன்று என்று 3 × 60 மீட்டருக்கு 180 துண்டு போதும். நெருக்கி நட்டால் சீக்கிரம் மூடும் என்று 700 துண்டு வாங்குவது வீண்; நன்றாகப் பிடித்த கொடி பத்து மீட்டருக்கு மேலும் ஓடும். கடற்கரைப் பூங்காவிலிருந்து நீங்களாக அறுத்து வராதீர்கள், அது குற்றம். அனுமதி கேட்கும்போதே இதையும் கேளுங்கள், அல்லது நர்சரியில் வாங்குங்கள்.

அடுத்த 3 மீட்டர் புதர். மலாயில் அம்போங் அம்போங் எனப்படும் ஸ்கேவோலா, சங்கங்குப்பி, கடற்கரை நொச்சி. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை, எதிரெதிர் இல்லாமல் மாற்றி மாற்றி. நடுவே 2 மீட்டர் அகலத்தில் மூன்று இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வருடம் கடலே தெரியாது, ‘எங்கள் காட்சி போச்சு’ என்று புகார் வரும்.

அதற்குப் பின்னால் 6 முதல் 11 மீட்டர் வரை மரம்: புன்னை, பூவரசு, நீர்ப்பருத்தி, பன்னீர், நுணா. ஐந்து மரம், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 7 மீட்டர் தள்ளி, வாதுமை வட்டத்துக்கு வெளியே. அதற்கு மேல் இந்த நிலம் தாங்காது. இன்று கன்றுகள் சின்னதாக இருப்பதால் பத்துப் பதினைந்து நடத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். கடைசி 4 மீட்டரில் நடைவழியும், மூலிகையும் கறிவேப்பிலையும் வைக்க மேடைப் பாத்திகளும்.

ரோஜாவையும் மாவையும் விட்டுவிடுங்கள். மா இரண்டு வருடம் ஆசை காட்டும், வடகிழக்குப் பருவக்காற்று காலத்தில் பூ கருகும்.

நெய்தல் பாத்தி கேட்ட ஆசிரியருக்கு என் வணக்கம். புன்னை, தாழை, அடம்பு மூன்றும் இந்தக் கரைக்கே உரியவை, தனியாகப் பாத்தி வேண்டாம். மேலே சொன்ன வரிசையே திணை வரிசைதான். இரண்டு எச்சரிக்கை. ஞாழல் எந்த மரம் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை, பலகையில் அடித்துச் சொல்லிவிடாதீர்கள். நெய்தல் பூவோ அல்லி இனம். கடல் நிலத்துக்குப் பெயர் தந்த பூ என்பதால் உப்புநீரில் வளரும் என்று நினைத்தால் கெட்டது. அதற்கு நன்னீர் வேண்டும், வெயிலில் ஓர் அகலத் தொட்டி வேண்டும்.

தாழைக்கு இன்னொன்று. ஆண் செடி தனி, பெண் செடி தனி. மணக்கும் தாழம்பூ ஆணில்தான். பெண் செடி அன்னாசி போல ஒரு காயைத் தரும், அவ்வளவே. விதையிலிருந்து வளர்த்தால் எது வரும் என்று சொல்ல முடியாது, ஆண் செடியின் பக்கக்கன்றாகப் பார்த்து வாங்குங்கள். சமையலுக்குப் போடும் பாண்டான் இலை வேறு இனம், அதை முன்வரிசையில் வைத்தால் கருகிவிடும். தாழையின் இலை விளிம்பு ரம்பம் மாதிரி. நடைவழியிலிருந்து 2 மீட்டர் தள்ளி.

புன்னையை விதையிலிருந்தே எழுப்பலாம், பிள்ளைகளுக்கு நல்ல வேலை. ஓட்டோடு நட்டால் முளைக்க இரண்டு மாதம் போல ஆகும். ஓட்டை மட்டும் கவனமாக உடைத்து எடுத்துவிட்டுப் பருப்பை நட்டால் மூன்று வாரம் போதும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் உள்ளே பருப்பு நசுங்கும். இடுக்கியில் வைத்துத் திருகி, ‘டக்’ என்று ஒரு விரிசல் சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். மிச்சத்தை நகத்தால் உரித்துவிடலாம்.

---

கல்யாண முருங்கை பதில்:

முன்வரிசைக்குச் சவுக்கை விட்டுவிட்டீர்களே. கடற்கரைக் காற்றுக்குச் சவுக்கு மாதிரி எது தாங்கும்? வேகமாகவும் வளரும். இரண்டு வரிசை நட்டால் பின்னால் ரோஜாகூட வைக்கலாம்.

---

உப்புக்காற்று பதில்:

தாங்கும், மறுக்கவில்லை. நூறு மீட்டர் அகலக் கரையென்றால் நானே சொல்லியிருப்பேன். இங்கே 15 மீட்டர்தான். சவுக்கு 20 மீட்டருக்கு மேல் உயரும், ஊசி இலைகள் உதிர்ந்து மெத்தை போலப் படிந்து கீழே எதையும் முளைக்க விடாது. தாவரவியல் தோட்டத்தில் ஒரே ஒரு மரம் மட்டும் மிஞ்சும்.

காற்றுத் தடுப்பு முதல் ஒன்றரை வருடத்துக்குத்தான் தேவை, புதர் வரிசை எழும் வரை. அதற்கு 50 விழுக்காடு நிழல்வலை, ஒன்றரை மீட்டர் உயரம், இரண்டு மீட்டருக்கு ஒரு கம்பம். பாதி காற்றை விட்டு பாதியைத் தடுக்கும் வேலி தன் உயரத்தைப் போல சுமார் பத்து மடங்கு தூரம் பின்னால் வேகத்தைக் குறைக்கும். உங்களுக்கு அது 15 மீட்டர், அளவெடுத்துத் தைத்த மாதிரி. தகரமோ பலகையோ வைத்து முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறிக் குதித்து வேலிக்குப் பின்னால் சுழன்று அடிக்கும். கன்றுகள் வேரோடு ஆடும். கம்பத்துக்குக் கட்டும் கம்பி துத்தநாகப் பூச்சுக் கம்பியாக இருந்தால் உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். நைலான் கயிறு போதும்.

---

கரையோரக்குழு பதில்:

எல்லாருக்கும் நன்றி. சோதனை முடிந்தது. ஒன்றுக்கு ஐந்து கரைசலில் உப்பு: கடல் பக்கம் 0.42, நடுவில் 0.21, நடைபாதைப் பக்கம் 0.11 டெசிசீமன்ஸ்/மீட்டர் (உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு). கார அமில அளவு எல்லா இடத்திலும் 8.3 கிட்டத்தட்ட. கடல் பக்கக் குழியில் ஊற்றிய தண்ணீர் அரை மணியில் காணாமல் போனது. நடைபாதைப் பக்கம் ஒரு மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கியது, 35 சென்டிமீட்டரில் மண்வெட்டி ‘டங்’ என்கிறது.

குழுவில் இன்னும் சிலர், எல்லாவற்றையும் 60 சென்டிமீட்டர் ஆழம் அள்ளிவிட்டு நர்சரி மண் கொட்டினால் தலைவலி தீரும் என்கிறார்கள்.

---

மண்வெட்டி பதில்:

900 × 0.6 = 540 கன மீட்டர். அதை எங்க கொட்டுவீங்க, எவன் லாரி விடுவான், எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்னு குழுவுல கேளுங்க. அதோட, மணல் நடுவுல களிமண் குழி வெட்டினா அது தொட்டி ஆயிடும். மழைத் தண்ணி உள்ள வந்து வெளிய போகாது, வேர் அழுகும்.

இப்ப எண்களைப் பாருங்க. ஒண்ணுக்கு அஞ்சு கரைசல் எண்ணை அப்படியே அட்டவணையோட ஒப்பிடக் கூடாது, மண் வகையைப் பொறுத்துப் பெருக்கணும். மணலுக்குச் சுமார் 14 மடங்கு, கனமான களிமண்ணுக்கு 7 பக்கம். உங்களுக்குக் கடல் பக்கம் 5.9, நடுவுல 2.9, பின்னால 1.5. நாலைத் தாண்டினா உப்பு மண்ணுன்னு கணக்கு. ஆக முன்வரிசையில அடம்பு, ஸ்கேவோலா கேட்ட மண்ணு ஏற்கெனவே அங்க இருக்கு. மாத்த வேண்டியதே இல்ல. நடுவுல புன்னை, பூவரசு குஷியா வரும். பின்னால உப்பு பிரச்சினையே இல்ல, அங்க பிரச்சினை அந்த ‘டங்’. நடைபாதை போட்டப்போ இயந்திரம் ஏறி இறங்கி நசுக்கின அடுக்கு அது. கடப்பாறையால மீட்டருக்கு நாலு இடத்துல 60 சென்டிமீட்டர் வரைக்கும் குத்தி உடைச்சு, அந்த ஓட்டையில பருமணல் நிரப்புங்க. வடம் இல்லன்னு உறுதியான பிறகுதான், மறுபடியும் சொல்றேன்.

மேல மேடைப் பாத்தி: 2.4 × 1.2 மீட்டர், 45 சென்டிமீட்டர் உயரம், ஆறு. ஒண்ணுக்கு 1.3 கன மீட்டர், ஆறுக்கு 7.8. வழக்கமான 3:2:1 கலவைன்னா மேல்மண் 3.9, மக்குரம் 2.6, கழுவின மணல் 1.3. ‘மணல்தான் காலடியில கிடக்கே’ன்னு கடற்கரை மணலை அள்ளிப் போட்டா உப்பும் சிப்பியும் சேந்து வரும், கறிவேப்பிலை பாத்தியிலயே சாகும். சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கு ஒரு பாத்தியை மட்டும் 75 சென்டிமீட்டர் உயரத்துல கட்டுங்க; நடைவழி 1.5 மீட்டர் அகலம், சரிவு 1:12க்கு மேல செங்குத்தா வேண்டாம். பலகைக்கு மரத்தை விட மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கட்டை நல்லது, திருகாணி 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு.

8.3ங்கிறது சிப்பிச் சுண்ணாம்பு. இட்லிப்பூ, மல்லிகை மாதிரி செடியில இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச் சத்து கிடைக்கலன்னு அர்த்தம். கடையில ‘இரும்பு’ன்னு கேட்டு எதையோ வாங்காதீங்க. இ.டி.டி.ஏ. (EDTA) வகை இரும்பு இந்த மண்ணுல நிக்காது, இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைதான் வேலை செய்யும். மண்ணுக்குச் சுண்ணாம்பு போடச் சொல்ற ஆளு வந்தா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க.

மரக்குழி: வேர்க்கட்டியைப் போல மூணு மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டி அளவேதான். எடுத்த மணலோட அஞ்சுல ஒரு பங்கு மக்குரம் கலந்து அதையே திருப்பிப் போடுங்க. அடிமரம் விரியிற இடம் மண்ணுக்கு மேல தெரியணும். கம்பத்துக்கு இறுக்கிக் கட்டாதீங்க, கொஞ்சம் ஆடினாத்தான் அடி பருக்கும்.

---

சொட்டுநீர் பதில்:

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. 8 பேர் வைத்திருக்கும் தோட்டம் சாவது பெரும்பாலும் இதில்தான்.

நடும் பரப்பு 300 சதுர மீட்டர் என்று வைத்தால், வேர் பிடிக்கும் காலத்தில் நாளைக்கு 5 மில்லிமீட்டர், அதாவது 1,500 லிட்டர். குழாய் நிமிடத்துக்கு 15 லிட்டர் தந்தால் 100 நிமிடம் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 70 மீட்டர் தோட்டக் குழாயை இழுத்தால் 15 லிட்டரும் வராது, உராய்விலேயே அழுத்தம் போய்விடும். 25 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன் குழாயை முதுகெலும்பு மாதிரி ஓட்டி, மூன்று இடத்தில் வாய் வைத்து, அங்கிருந்து 20 மீட்டர் குழாய். சொட்டுநீர்க் குழாய் புதர் வரிசைக்கும் மேடைப் பாத்திக்கும் மட்டும். அடம்புக்கு வேண்டாம், மணல் அடைத்துக்கொள்ளும்.

மணலில் ஒரே நாளில் நிறைய ஊற்றுவதில் பயன் இல்லை, கீழே ஓடிவிடும். புதுக்கன்றுக்கு முதல் இரண்டு வாரம் தினமும் 20 லிட்டர், காலை பாதி, மாலை பாதி. பிறகு மெதுவாகக் குறைக்கலாம்.

மாதம்: மரங்களை நவம்பர் நடுவில் நடுங்கள். டிசம்பரில் சராசரி மழை 300 மில்லிமீட்டரைத் தாண்டும். பிப்ரவரியில் அது நூறு பக்கம் இறங்கிவிடும். அதற்குள் வேர் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் கரை வடகிழக்கைப் பார்க்கிறது. அதே மாதங்களில்தான் காற்றும், வருடத்தின் உயரமான அலைகளும் வரும். ஆகவே வலை முதலில், மரம் அடுத்து. முன்வரிசை அடம்பை மட்டும் காற்று ஓய்ந்த மார்ச் கடைசியில் நடுங்கள், இல்லாவிட்டால் துண்டுகள் மணலோடு போய்விடும்.

அலை அட்டவணை பார்ப்பவர்களுக்கு ஒரு பொறி உண்டு. அட்டவணையில் 3.2 மீட்டர் என்று போட்டிருக்கும், நில அளவை வரைபடத்தில் உங்கள் நிலம் 3 மீட்டர் என்றிருக்கும். உடனே நிலம் மூழ்கும் என்று பதறுவார்கள். அலை அட்டவணையின் சுழியம் சராசரிக் கடல்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டருக்கும் கீழே. நில வரைபடத்தின் சுழியம் சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டியது. கழித்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். மூழ்காது, ஆனால் காற்றுள்ள நாளில் அலை நாக்கு மேலே ஏறும்.

அப்படி உப்புநீர் ஏறிவிட்டால்? 30 சென்டிமீட்டர் ஆழ மண்ணின் உப்பில் பாதியைக் கழுவ 15 சென்டிமீட்டர் நீர் வேண்டும், சதுர மீட்டருக்கு 150 லிட்டர். குழாய் வேலை இல்லை இது, மழைக்கு விட்டுவிடுங்கள். சாரல் மட்டும் அடித்த மறுநாள் காலையில், மேடைப் பாத்திச் செடிகளின் இலையை நல்ல தண்ணீரால் கழுவினால் போதும்.

---

கொசுவலை பதில்:

மூன்று விஷயம், சுருக்கமாக.

தாழையின் இலைக்கவட்டில் மழைநீர் தேங்கும், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். வாரம் ஒருமுறை இலையை ஆட்டிக் கொட்டவோ, பிடிஐ மணல் (கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) ஒரு சிட்டிகை போடவோ வேண்டும். அல்லித் தொட்டியில் கப்பி மீன். மூங்கில் கம்பத்தின் திறந்த வாயை மணலால் அடையுங்கள். பூத்தொட்டித் தட்டே வேண்டாம். கொசு விஷயத்தில் பிடிபட்டால் செடி எவ்வளவு அரிதாக இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

தென்னை யாராவது கேட்டால்: மக்குரக் குவியலே காண்டாமிருக வண்டின் பிரசவ வார்டு. குவியலை வாரம் ஒருமுறை கிளறி, விரல் தடிப்பில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுவைப் பொறுக்குங்கள். தேங்காய் விழும் வட்டத்துக்குள் பெஞ்சு கூடாது.

பிள்ளைகள் வருகிறார்கள் என்பதால் காட்டரளி வேண்டவே வேண்டாம். பச்சை மாங்காய் மாதிரி காய், உள்ளே இதயத்தை நிறுத்தும் விஷம். புதாட் லாவுட் விதை மீனை மயக்கப் பயன்படுத்தியது. விஷமூங்கிலுக்குப் பெயரிலேயே இருக்கிறது. இந்த இரண்டும் கட்டாயம் வேண்டும் என்றால் புதருக்குப் பின்னால், சிவப்புப் பட்டைப் பலகையோடு.

இரவு விளக்கு போடச் சொல்வார்கள். கடலைப் பார்த்து எதுவும் எரியக் கூடாது. கிழக்குக் கரை மணலில் ஆமைக் குஞ்சு பொரிந்து வருவதுண்டு. வெளிச்சம் கண்டால் கடலை விட்டு நடைபாதைப் பக்கம் ஊர்ந்துவிடும். சரி, நான்காகிவிட்டது.

---

பதிவேடு பதில்:

இவ்வளவும் செய்தாலும் அது நல்ல தோட்டம், அவ்வளவுதான். தாவரவியல் தோட்டம் ஆவது நோட்டுப் புத்தகத்தில். பூமலை 1859லிருந்து நிற்கிறதென்றால் மரத்தால் மட்டும் இல்லை, எந்த மரம் எங்கிருந்து எப்போது வந்தது என்று எழுதி வைத்ததால்.

வரும் ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண்: வருடம், வரிசை எண். 2025-0014 என்பது போல. அதன் எதிரே தாவரவியல் பெயர், வந்த தேதி, எங்கிருந்து, விதையா தண்டா கன்றா, எந்தப் பாத்தி, இனம் கண்டவர், இறந்தால் தேதியும் காரணமும். செத்த செடியின் எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்காதீர்கள். 180 அடம்புத் துண்டும் ஒரே தாயிலிருந்து வந்திருந்தால் ஒரே எண் போதும்; நான்கு இடத்திலிருந்து வந்திருந்தால் நான்கு எண். ‘இறந்தது’ என்ற கட்டம்தான் மூன்று வருடத்தில் உங்களுக்கு அதிகம் பயன்படும்: எந்த வரிசையில் எது திரும்பத் திரும்பச் சாகிறது என்று அது ஒன்றுதான் சொல்லும்.

இரண்டு பலகை வேண்டும். எண் மட்டும் அடித்த சின்ன அலுமினியத் தகடு செடியின் அடியில். பெயர்ப் பலகை முன்னால். பெரிய பலகை உடையும், காணாமல் போகும், தகடு மிஞ்சும். பெயர்ப் பலகை 15க்கு 10 சென்டிமீட்டர், இரண்டடுக்குப் பிளாஸ்டிக்கில் லேசரால் செதுக்கியது. தாளில் அச்சிட்டு லேமினேட் செய்தால் ஓரத்தில் ஈரம் புகுந்து வருடத்துக்குள் வெளுக்கும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. செதுக்கும் கடையின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் ‘தாழை’யின் ஐகாரம் ‘ழ’வுக்குப் பின்னால் போய் உட்காரும், ‘நொச்சி’யின் கொம்பு ‘ந’வுக்கு முன்னால் வராமல் காலோடு சேர்ந்து பின்னால் நிற்கும். கடைக்காரருக்கு அது படம், தப்பு தெரியாது. எழுத்தாக அனுப்பாதீர்கள், வடிவக்கோடாக மாற்றிய பிடிஎஃப் அனுப்புங்கள், ஒரு பலகை மாதிரி செதுக்கி, தமிழ் படிக்கத் தெரிந்தவர் விரல் வைத்துப் படித்த பிறகு மிச்சத்துக்குச் சரி சொல்லுங்கள். சீனத்துக்கும் மலாய்க்கும் அந்தந்த மொழிக்காரர் பார்க்கட்டும்.

---

கரையோரக்குழு பதில்:

மா கேட்டவரிடம் எண்களைக் காட்டினேன், ரோஜாக்காரர் கறிவேப்பிலைக்கு மாறிவிட்டார். கடைசியாக ஒன்று: வாதுமை மரங்களுக்கும் எண் உண்டா? அவற்றுக்கு வந்த தேதியே தெரியாதே. பலகையை மரத்தில் ஆணி அடித்து மாட்டலாமா?

---

பதிவேடு பதில்:

உண்டு. முதல் இரண்டு எண் அவற்றுக்கே. தேதிக் கட்டத்தில் ‘முன்பே இருந்தது’ என்று எழுதி, இன்றைய அடிமரச் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளந்து போடுங்கள். ஆணி வேண்டாம். சுற்றிக் கட்டும் கம்பியின் ஒரு முனையில் 316 எஃகுச் சுருள்வில் வையுங்கள், மரம் பருக்கப் பருக்க அது விரியும். வருடம் ஒருமுறை, சுற்றளவு எடுக்கும் அன்றே, வில் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று பார்த்துத் தளர்த்திவிடுங்கள்.